எந்த ஆண்ட்ராய்டு என்று போடாமல் ரூட் குறிப்பு போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கைப்பேசியை ரூட் செய்து, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் நம் கைக்கு எடுத்து, சிஸ்டம் கோப்புகளைத் திருத்தினால் வேகம் கூடும், விளம்பரம் நிற்கும், மறந்துபோன பேட்டர்ன் பூட்டுகூடத் திறந்துவிடும் என்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பினாங்கில் கொம்தார் பக்கம் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் மடித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் கடைக்கு வருகிறார்கள். சிலர் செய்வதற்கு முன் வருகிறார்கள், அவர்கள் புண்ணியவான்கள். சிலர் செய்து முடித்துவிட்டு வருகிறார்கள்.

குறிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எழுதியதில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வேலை செய்தவை. எந்தக் காலத்தில் என்பதைத்தான் அவர் போடவில்லை. ஆண்ட்ராய்டு 2.3க்கு எழுதிய வைத்தியத்தை 14க்குக் கொடுத்தால் நோயாளி பிழைப்பாரா?

ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கரு. ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண் கொடுத்து, தனித்தனிப் பயனராகவே அது நடத்துகிறது. 10000இல் தொடங்கும் அந்த எண்கள். வாட்ஸ்அப்பின் கோப்பை இன்னொரு செயலி தொட முடியாது, வங்கிச் செயலியின் கோப்பை வாட்ஸ்அப் தொட முடியாது. ரூட் என்பவர் பூஜ்ய எண்காரர், அவர் எதையும் தொடலாம். ஆண்ட்ராய்டே குடியிருக்கும் சிஸ்டம் பகுதி, போன் கிளம்பும்போதே படிக்க மட்டும் என்ற நிலையில் இணைக்கப்படும். நாம் எடுக்கும் படம், போடும் செயலி எல்லாம் டேட்டா என்ற வேறு பகுதிக்குப் போகும். கடையில் வாங்கும் எந்தப் போனிலும் அந்தப் பூஜ்ய எண் நமக்குக் கிடைக்காது. காசு கொடுத்து வாங்கியவனுக்கே இல்லையா என்று கேட்பவர்களின் பக்கம்தான் நான் அன்றும் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தை ரூட்டுக்கு எதிரான கடிதம் என்று தயவுசெய்து தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

நம் ஆட்களுக்கு ரூட் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது, இளைஞர்களுக்கு அது தெரியாது. 2010, 2011 வாக்கில் இங்கே விற்ற பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் வராது. செய்தித்தளத்தைத் திறந்தால் வரிவரியாகக் கட்டம் கட்டமாக நிற்கும். 1985லேயே முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைக் கொண்டுவந்த நாடு இந்த மலேசியா, ஆனால் கையிலிருக்கும் புதுப் போனில் அம்மா என்று படிக்க முடியாது. ஓப்பரா மினியில் எழுத்தைப் படமாக மாற்றிக் காட்டும் ஓர் அமைப்பு ஒளிந்திருந்தது, அதைத் தேடிப் போட்டுக்கொண்டவர்கள் சமாளித்தார்கள். மற்றவர்கள் ரூட் செய்து, சிஸ்டத்துக்குள் ஃபான்ட்ஸ் என்ற கோப்புறைக்குப் போய், அங்கிருந்த பொது எழுத்துருவை எடுத்துவிட்டுத் தமிழ் உள்ள எழுத்துருவை வைத்தார்கள். கட்டம் போய் எழுத்து வந்தது. ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கும். ‘கெ’ என்று எழுதினால் ககரம் முன்னால் வந்து ஒற்றைக் கொம்பு பின்னால் தொங்கும், ‘கொ’ என்றால் இன்னும் மோசம். எழுத்துரு மட்டும் போதாது, எழுத்துகளை வரிசைப்படுத்திக் கோக்கும் பகுதியும் வேண்டும், அது அந்தப் போன்களில் இல்லை. அதையும் மாற்றுகிறேன் என்று நூலகக் கோப்புகளில் கை வைத்துப் போனைக் கிளம்பாத கல்லாக்கியவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு 4.0 வரிசையில் தமிழ் எழுத்துரு உள்ளேயே வர ஆரம்பித்ததும் அந்தத் தேவை போயிற்று. அதற்குப் பிறகு கடையில் தமிழுக்காக ரூட் கேட்டு வந்தவர் குறைவு.

அப்போது வேலை எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குறிப்பில் விட்டுப்போன விஷயம் அங்கேதான் இருக்கிறது. ரூட் எக்ஸ்ப்ளோரர் என்ற செயலியைத் திறந்தால் மேலே ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் சிஸ்டம் பகுதி படிக்க மட்டும் என்பதிலிருந்து எழுதவும் என்று மாறும். புதுக் கோப்பை உள்ளே ஒட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள், அதோடு சரி, லோகோ வரும், போகும், மறுபடி வரும். மெமரி கார்டிலிருந்து வரும் கோப்புக்கு அனுமதிகள் வேறு மாதிரி இருக்கும். சிஸ்டம் கோப்புக்கு 644 இருக்க வேண்டும், அதாவது உரிமையாளர் படிக்கலாம் எழுதலாம், மற்றவர்கள் எல்லாரும் படிக்க மட்டும். அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களில் டிக் சரியாக இல்லாவிட்டால் கோப்பு அங்கே இருந்தும் ஆண்ட்ராய்டால் அதைப் படிக்க முடியாது. பழைய கோப்பை அழிக்காமல் பெயர் மாற்றி வைப்பது, புதியதை வேறு பெயரில் உள்ளே கொண்டுவந்து அனுமதி போட்ட பிறகே சரியான பெயருக்கு மாற்றுவது, போனின் அமைப்பு மதிப்புகள் இருக்கும் பில்ட் புராப் மாதிரி எழுத்துக் கோப்புகளை விண்டோஸ் நோட்பேடில் திருத்தாமல் இருப்பது, இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டிய பழக்கம். பழைய நோட்பேட் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைச் சேர்த்துவிடும், சில கோப்புகளில் அதுவே குழப்பத்தை உண்டாக்கும், நாம் மணிக்கணக்கில் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தாலும் தப்பு தெரியாது. உங்கள் குறிப்பில் 644 என்ற எண்ணே இல்லை.

சரி, அதற்குப் பிறகு என்ன மாறியது? எல்லாமே மாறியது.

ஆண்ட்ராய்டு 4.3இல் எஸ்இ லினக்ஸ் என்ற கூடுதல் காவல் எட்டிப் பார்த்தது, 5.0இல் முழுதாக அமலுக்கு வந்தது. அதன்பின் பூஜ்ய எண்காரர் என்பதாலேயே எல்லாம் நடந்துவிடாது, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை உண்டு, யார் எந்த முத்திரையைத் தொடலாம் என்று தனிச் சட்டம் உண்டு. 644 சரியாகப் போட்டும் முத்திரை தப்பாக இருந்தால் கோப்பு படிக்கப்படாது. அடுத்தது டிஎம் வெரிட்டி, சிஸ்டம் பகுதி மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 4.4இல் வந்தது, 7.0இல் கண்டிப்பானது. சிஸ்டம் பகுதியை 4 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புக் கணக்கு, அந்தக் கணக்குகளுக்கு மேலே இன்னொரு கணக்கு, இப்படிப் போய் உச்சியில் ஒரே ஓர் எண், அதற்குத் தயாரிப்பாளரின் கையொப்பம். நாம் ஓர் எழுத்தை மாற்றினால் அந்தத் துண்டின் கணக்கு இடிக்கும், அதோடு மேலே உள்ளதெல்லாம் இடிக்கும், போன் கிளம்ப மறுக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 7.0இல் பிழை திருத்தும் வசதி ஒன்றையும் சேர்த்தார்கள், மாற்றம் சின்னதாக இருந்தால் படிக்கும்போதே பழைய எழுத்தைத் திரும்பக் கொடுத்துவிடும். நம் ஆள் ஒரு திருத்தத்தைச் செய்துவிட்டு, சேமித்தேனே, எங்கே போச்சு என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததும் கதை முடிந்தே போனது. சிஸ்டம் பகுதி, அதோடு வெண்டர், புராடக்ட் என்ற பகுதிகள் எல்லாவற்றையும் சூப்பர் என்ற ஒரே பெரிய பகுதிக்குள் அடைத்தார்கள். இடம் மிச்சப்படுத்த ஒரே மாதிரி துண்டுகளைப் பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும்படி செய்தார்கள், அப்படிப்பட்ட பகுதியை எழுதும் நிலையில் இணைக்கவே முடியாது. இப்போது பல போன்களில் இஆர்ஓஎஃப்எஸ் என்ற கோப்பு முறை, ஹுவாவெய் உருவாக்கியது, பெயரிலேயே படிக்க மட்டும் என்று இருக்கிறது. அதில் எழுதும் வசதி என்று ஒன்று செய்யப்படவே இல்லை. இந்த இடத்தில் எந்தப் பொத்தானை அழுத்தி என்ன பயன்?

கப்பாளா பத்தாஸிலிருந்து ஒரு தம்பி வந்தான், பாலிடெக்னிக்கில் படிக்கிறான், கெட்டிக்காரப் பையன். “அண்ணே, ரூட் இருக்கு, ரீமவுண்ட் கமாண்டும் சரியாத்தான் போட்டேன், ரீட் ஒன்லின்னே வருது, எனக்கு என்ன தெரியலை?” என்றான். ரீமவுண்ட் என்பது அந்தப் பொத்தான் செய்த அதே வேலையைச் செய்யும் கட்டளை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. போனில் ஆண்ட்ராய்டு 13, கையில் இருந்த குறிப்பு ஆண்ட்ராய்டு 4க்கு. அவ்வளவுதான் விஷயம். அவனாவது பூட்லோடரை, அதாவது போனைக் கிளப்பும் நிரலின் பூட்டை, முறையாகத் திறந்து, தரவெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்திருந்தான்.

அப்படி இல்லாதவர்கள் செய்வதுதான் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் குறிப்பில் ‘ஒரே அழுத்தத்தில் ரூட் செய்யும் செயலியை இறக்கிக்கொள்ளவும்’ என்று ஒரு வரி. அந்த வகைச் செயலிகள் ஒருகாலத்தில் உண்மையாகவே வேலை செய்தன, லினக்ஸ் கருவில் இருந்த ஓட்டைகள் வழியாக. 2014இல் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட டவல்ரூட் அப்படி ஒன்று. 2016இல் டர்ட்டி கவ் என்ற ஓட்டை தெரியவந்தது, அதையும் பயன்படுத்தினார்கள். அந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டு வருடங்கள் ஆகின்றன. இன்றைக்குத் தேடினால் அதே பெயர்களில் கிடைக்கும் ஏபிகே என்ற செயலிக் கோப்புகளை யார் போட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் நாட்டில் இருக்கிறோம், அதற்கென்றே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையம் இருக்கிறது, உங்கள் முதல் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு செய்தி அப்படி வருகிறது. ஏழாம் பக்கத்தில் நீங்களே தெரியாத ஏபிகேயை இறக்கச் சொன்னால் எப்படி? ரூட் கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, அந்தச் செயலி, திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாக அழுத்தவும் விடும் அணுகல்தன்மை அனுமதி கேட்கும்போது ரூட் ஆசையில் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போவார்கள், பயமே அதுதான்.

பேட்டர்ன் பூட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் பேனா எடுத்தேன். டேட்டாவுக்குள் சிஸ்டம் என்ற கோப்புறையில் ஜெஸ்ச்சர் கீ என்ற கோப்பை அழித்தால் பூட்டு போய்விடும் என்று போட்டிருந்தீர்கள். ஆண்ட்ராய்டு 5 வரை உண்மை. அதற்குப் பிறகு பேட்டர்னைச் சரிபார்க்கும் வேலை, சிப்பில் தனியாக ஒதுக்கிய பாதுகாப்பான பகுதிக்குப் போய்விட்டது. இப்போதைய போன்களில் நம் கோப்புகள் எல்லாம் மறைகுறியாக்கத்தில் இருக்கின்றன, அதைத் திறக்கும் சாவியே நாம் போடும் பேட்டர்னோடு பிணைந்திருக்கிறது. பூட்டுக் கோப்பை அழித்தால் பூட்டு திறக்காது, சாவிதான் தொலையும். அதற்கும் முன்னால், ரூட் செய்யப் பூட்லோடரைத் திறக்க வேண்டும், திறந்த கையோடு போன் முழுதும் அழிக்கப்படும், அது வேண்டுமென்றே அப்படி வைத்தது, திருடியவன் அதே வழியில் நம் படங்களை எடுக்கக்கூடாது என்பதற்காக.

டத்தோ கிராமாட் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், தம் மனைவியின் போனோடு. அந்த அம்மா தவறிவிட்டார், பேட்டர்ன் யாருக்கும் தெரியாது. “தம்பி, பேரப் பிள்ளைங்க படமெல்லாம் இதுலதான் இருக்கு, பேப்பர்ல போட்டிருக்கே, அதைச் செஞ்சு குடு” என்றார், கத்தரித்த தாளைக் கவுண்டரில் விரித்து வைத்தார், அந்த வரிக்கு அடியில் நீல மையில் கோடு போட்டிருந்தார். “ஐயா, அப்படிச் செஞ்சா இருக்கறதும் போயிடும்” என்றேன், நம்பவில்லை, பேப்பரில் வந்ததை இவன் யார் இல்லை என்று சொல்ல என்ற பார்வை. கடைசியில் மெமரி கார்டைக் கழற்றிப் பார்த்தோம், கொஞ்சம் இருந்தது. மகள் சிரம்பானில் இருக்கிறார், அந்த கூகுள் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவரே அவர்தான், கடவுச்சொல் அவரிடம் இருந்தது. அவர் நுழைந்து பார்த்தபோது கூகுள் ஃபோட்டோஸில் பெரும்பகுதி இருந்தது. அந்தப் போனில் கை வைக்காமலேயே வேலை முடிந்தது. வேறு கடைக்குப் போயிருந்தால், அங்கே ஒரு பையன் குறிப்பில் உள்ளபடி பூட்லோடரைத் திறந்து கொடுத்திருந்தால், போனுக்குள் மட்டும் இருந்த மிச்சப் படங்களுக்கு ஒரு வழி பிறக்கும் என்ற நம்பிக்கையும் அன்றோடு போயிருக்கும்.

ரூட் கேட்டு வருகிறவரிடம் எதற்கு என்று கேட்பது என் வழக்கம். பாதிப் பேருக்கு மேல் ரூட்டே தேவைப்படாது. எழுத்தும் படமும் பெரிதாக வேண்டும், பில்ட் புராப்பில் டென்சிட்டி என்ற திரை அடர்த்தி எண்ணை மாற்ற வேண்டும் என்பார்கள். ஆண்ட்ராய்டு 7இலிருந்து அது செட்டிங்ஸிலேயே இருக்கிறது. பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் பகுதியைத் திறந்தால் அங்கே இன்னும் நுணுக்கமாகவும் மாற்றலாம். எந்த இணைய முகவரி எங்கே போகும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி விளம்பரத்தை நிறுத்த வேண்டும் என்பார்கள். 2018இல் ஆண்ட்ராய்டு 9 வந்ததிலிருந்து பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் விளம்பரம் தடுக்கும் சேவையின் பெயரை எழுதினால் போதும், பெரும்பாலும் நின்றுவிடும். யூடியூப் விளம்பரம் நிற்காது, ஹோஸ்ட்ஸ் திருத்தினாலும் நிற்காது. போனோடு வரும் தேவையற்ற செயலிகளை நீக்க வேண்டும் என்பார்கள், கணினியில் இணைத்து ஏடிபி என்ற கட்டளைக் கருவி வழியாக அந்தப் பயனருக்கு மட்டும் நீக்கிவிடலாம், சிஸ்டம் பகுதியில் அது அப்படியே இருக்கும், ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்பி வரும், அதனால் ஆபத்தும் குறைவு. எதை நீக்குகிறோம் என்று தெரிந்து நீக்க வேண்டும், பெயர் புரியாததையெல்லாம் நீக்கிவிட்டு டயலர் காணோம் என்று வராதீர்கள்.

இன்னொரு கூட்டம், வாட்ஸ்அப் கோப்புறை தெரியவில்லை, ரூட் போடுங்கள் என்று வரும். அது ரூட் பிரச்சினையே இல்லை. 2020இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோது மற்ற செயலிகளின் கோப்புறையைக் கோப்பு மேலாளர்கள் எட்டிப் பார்ப்பதை அடைத்தார்கள், வாட்ஸ்அப் தன் படங்களையும் பேக்கப்பையும் ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் மீடியா என்ற இடத்துக்கு மாற்றிக்கொண்டது. அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் கண்முன் இருக்கும்.

வேகத்துக்கு என்று பில்ட் புராப்பில் சேர்க்கச் சொல்லி நீங்கள் போட்ட நான்கு வரிகளில் இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரை நொடிக்கு எத்தனை தொடுதல்களை ஏற்க வேண்டும் என்று சொல்லும் அந்த முதல் வரி, ஜிஞ்சர்பிரெட் என்ற 2.3 காலத்து ஆண்ட்ராய்டு படித்த வரி. பிறகு வந்த மூலநிரலில் அதைப் படிக்கும் இடமே இல்லை. வீடியோவை முடுக்குவதாகச் சொல்லும் வரி, எனக்குத் தெரிந்து ஆண்ட்ராய்டின் பொது மூலநிரலில் என்றைக்கும் இருந்ததில்லை, யாரோ எழுதினார், ஊரே நகல் எடுத்தது. அதைச் சேர்த்ததும் போன் பறக்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். ரீஸ்டார்ட் செய்தால் எந்தப் போனும் கொஞ்ச நேரம் பறக்கத்தான் செய்யும்.

இதற்கெல்லாம் மேலே வங்கி. 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை விட்டு வேறு பாதுகாப்பான வழிக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னதிலிருந்து, பணம் அனுப்ப அனுமதி கொடுப்பது செயலிக்குள் வந்துவிட்டது. கணினியில் உட்கார்ந்து அனுப்பினாலும் கையிலிருக்கும் போன்தான் ஆம் சொல்ல வேண்டும். அந்தப் போன் ரூட் செய்யப்பட்டிருந்தால் செயலி திறக்காது, பூட்லோடர் திறந்திருந்தாலே சில செயலிகள் மறுக்கும், கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை அதைச் சொல்லிக்கொடுத்துவிடும். அப்போது போனில் மட்டுமா, கணினியிலும் பணம் அனுப்ப முடியாது. நாசி கண்டார் கடையில் டுயிட்நவ் கியூஆரை நீட்டுகிற ஊரில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ரூட்டை மறைக்க வழிகள் உண்டு, தெரியும். இன்றைக்கு மறையும், அடுத்த வாரம் செயலி அப்டேட் ஆகும், மாதக் கடைசியில் வீட்டுக் கடன் கட்டும் நாளில் பிடித்துக்கொள்ளும். அந்த ஓட்டப்பந்தயத்தைப் பொழுதுபோக்காக ஓடுபவர் ஓடட்டும், உங்கள் பத்திரிகையைப் படிக்கும் அத்தனை பேருக்கும் அது எதற்கு?

அப்படியானால் இன்றைக்குச் சிஸ்டம் கோப்பைத் திருத்தவே முடியாதா என்றால், முடியும். திருத்தாமல் திருத்த வேண்டும். 2016இல் ஜான் வூ என்ற தைவான்காரர் மேஜிஸ்க் என்று ஒன்று செய்தார், அப்போது அவர் மாணவர், பிறகு 2021இல் கூகுளே அவரைத் தன் ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவில் வேலைக்கு எடுத்துக்கொண்டது. எவர்சில்வர் தட்டின் மேல் வாழையிலையை விரித்துச் சாப்பிடுகிறோமே, இலையை எடுத்துப் போட்டால் தட்டு அப்படியே இருக்கும், அதேதான் அவருடைய யோசனை. சிஸ்டம் பகுதியைத் தொடவே மாட்டோம். நாம் மாற்ற நினைக்கும் கோப்பின் நகலை டேட்டா பகுதியில் மாட்யூல் என்ற கோப்புறைக்குள், சிஸ்டத்தில் இருக்கும் அதே பாதையில் அதே பெயரில் வைப்போம். போன் கிளம்பும்போது மேஜிஸ்க் அதை உண்மையான கோப்பின் மேல் பொருத்திவிடும். ஆண்ட்ராய்டு படிப்பது நம்முடையதை. உதாரணத்துக்கு, கண் மங்கிய அம்மாவுக்குத் தடித்த தமிழ் எழுத்துரு வேண்டும் என்றால், மாட்யூலுக்குள் சிஸ்டம், அதற்குள் ஃபான்ட்ஸ், அதற்குள் நோட்டோ தமிழ் எழுத்துருவின் அதே கோப்புப் பெயரில் நமக்குப் பிடித்த எழுத்துரு. பிடிக்காவிட்டால் மாட்யூலை அணைத்து ரீஸ்டார்ட். பில்ட் புராப் மதிப்புகளுக்கும் மாட்யூலில் தனிக் கோப்பு உண்டு, அசலைத் தொட வேண்டியதில்லை. மாட்யூல் தப்பாகிப் போன் சுற்ற ஆரம்பித்தால் சேஃப் மோடில் கிளப்பினால் போதும், மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் அணைத்துவிடும்.

மேஜிஸ்க்கை உள்ளே கொண்டுவரப் போனைக் கிளப்பும் கோப்பான பூட் இமேஜைத் திருத்த வேண்டும், ஆண்ட்ராய்டு 13ஓடு வெளிவந்த போன்களில் அது இனிட் பூட் என்று தனியாக இருக்கும். அந்த இமேஜ் உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பதிப்பிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், ஒரு மாத முன்பின்னாக இருந்தாலும் வேண்டாம். கடைக்கு லோகோவில் நின்று வந்த ஷாவ்மிகளில் பெரும்பாலானவை இந்தக் கதைதான், யாரோ டெலிகிராமில் கொடுத்த இமேஜ்.

எந்த பிராண்ட் என்பதும் முக்கியம், அதையும் நீங்கள் போடவில்லை. ஹுவாவெய் 2018லேயே பூட்லோடர் திறக்கும் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. சாம்சங்கில் அதிகாரபூர்வமில்லாத ஒன்றைப் போட்டதும் சிப்புக்குள் ஒரு ஃபியூஸ் எரியும், நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் எண் 0 என்பது 1 ஆகும், பிறகு அசல் மென்பொருளையே போட்டாலும் அது திரும்பாது, செக்யூர் ஃபோல்டர் என்ற தனிப் பூட்டுக் கோப்புறை அந்தப் போனின் ஆயுளுக்கும் இல்லை. பழைய போன் வாங்குபவர்கள் டவுன்லோட் மோடில் போட்டு முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான், விலை அங்கேயே இறங்கும். என்னைக் கேட்டால் காசு கொடுத்தவனின் பொருளில் இப்படி ஒரு ஃபியூஸ் வைப்பது அராஜகம், ஆனால் இருக்கிறதே.

கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளை நான் விரட்டுவதில்லை. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய போனை எடுங்கள், சிம் கார்டு, வங்கி, அப்பாவின் கூகுள் கணக்கு எதுவும் அதில் வேண்டாம், பூட்லோடரைத் திறங்கள், லினியேஜ் ஓஎஸ் என்ற வேறொரு ஆண்ட்ராய்டைப் போட்டுப் பாருங்கள், கெடுங்கள், மறுபடி எழுப்புங்கள். லினக்ஸ் அனுமதிகளைப் புத்தகத்தில் படிப்பதைவிட இப்படிக் கெடுத்துக் கற்றுக்கொண்டவர்கள் பின்னாளில் நல்ல வேலையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இஎஃப்எஸ் என்ற பகுதியை மட்டும் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போனின் அடையாளமான ஐஎம்இஐ எண் அதையொட்டித்தான் இருக்கிறது, அது கெட்டால் நெட்வொர்க் வராது, கடையில் கொடுத்தாலும் லேசில் சரியாகாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இனி இப்படி ஒரு குறிப்பு வந்தால், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பில், எந்த வகைப் போனில் செய்து பார்த்தது, தரவு அழியுமா, திரும்பி வர வழி என்ன என்பதை அதே பெட்டிக்குள் போடுங்கள், எழுதியவரிடம் கேட்டு வாங்குங்கள், சொல்லத் தெரியாவிட்டால் குறிப்பே வேண்டாம். ஜெஸ்ச்சர் கீ பற்றி வரும் ஞாயிறே ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

குறிப்பைப் பார்த்துச் செய்து, இப்போது லோகோவில் நிற்கும் போனோடு இதைப் படிப்பவர்களுக்கு: ரிக்கவரி என்ற பழுது பார்க்கும் திரைக்குள் போய், எல்லாவற்றையும் அழிக்கும் வைப் டேட்டாவை அழுத்திவிடாதீர்கள், பலருக்குத் தரவு அங்கேதான் போகிறது. ஏதாவது மாட்யூல் போட்ட பிறகு நின்றிருந்தால் முதலில் சேஃப் மோட். பூட் இமேஜ் மாற்றிய பிறகு நின்றிருந்தால், அதே பதிப்பின் அசல் பூட் இமேஜைக் கணினியில் இணைத்து ஃபாஸ்ட்பூட் என்ற கருவி வழியாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சாம்சங்கில் ஓடின் என்ற கணினி மென்பொருள் வழியாக முழு மென்பொருளையும் போடும் நிலை வந்தால் சிஎஸ்சி என்ற இடத்தில் ஹோம் சிஎஸ்சி என்று தொடங்கும் கோப்பையே கொடுங்கள், வெறும் சிஎஸ்சி கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். ஷாவ்மிக்கு அதே வேலையைச் செய்யும் மீ ஃபிளாஷைப் பயன்படுத்துபவர்கள் திரையின் அடியில் பாருங்கள், எல்லாவற்றையும் அழித்துப் பூட்டும் தேர்வுதான் தானாகவே தேர்வாகியிருக்கும், அதை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கைப்பேசிக் கடைக்காரன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.